30 நொடியில் ஐந்து சிறப்புகள்: எதை வெட்டுவது?

நான்கை வெட்டிவிடுங்கள். உங்கள் 30 நொடி டிவி விளம்பரத்தில் கதவுப் பூட்டின் ஐந்து சிறப்புகளையும் அடுக்கியும், பார்த்தவர்களுக்கு எதுவும் நினைவில் இல்லை என்கிறீர்கள். வாதாட 30 நொடி போதாது; ஓர் உணர்வை எழுப்பத் தாராளம்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: டிவி பார்ப்பவர் எதையும் எடைபோடும் மனநிலையில் இருப்பதில்லை. ஈடுபாடு இல்லாமல் பார்த்தாலும் விளம்பரம் மனதில் படியும் என்று விளம்பர ஆய்வாளர் ஹெர்பர்ட் க்ரூக்மன் 1965-லேயே எழுதினார். விளம்பரக் காட்சியில் வீட்டில் தனியாக இருக்கும் பெண் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிறாரே, அந்த நிம்மதி படியும்.

விஷயம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, மறுநாள் கேளுங்கள். பெண் நினைவிருந்து பூட்டு மறந்திருந்தால் காட்சியைத் திருத்துங்கள்.

ஒன்று: பயமுறுத்தி விற்காதீர்கள், தயவுசெய்து. வெட்டிய விவரங்களை வலைதளத்தில் போடுங்கள், வாங்குமுன் தேடுவார்கள்.