தாடை எலும்பில் வரும் கட்டிகள்: கேள்வி பதில்
(பதில் தருபவர்: வாய், முகத் தாடை அறுவை மருத்துவர்)

கேள்வி: மகனுக்கு 19 வயது. கீழ்த்தாடையில் ஞானப்பல் பக்கம் கட்டி. பயாப்சியில் கெரட்டோசிஸ்ட் என்று வந்திருக்கிறது. சுரண்டி எடுத்தால் போதுமா?

பதில்: போதாதும்மா. கெரட்டோசிஸ்ட் என்பது தாடை எலும்புக்குள் வளரும் பை போன்ற கட்டி. இதன் உள்சுவர் ஐந்து முதல் எட்டு செல் கனம்தான். நனைந்த டிஷ்யூ பேப்பர் போல இழுத்தால் கிழியும். கிழிந்த துணுக்கு உள்ளே தங்கினால் மறுபடி முளைக்கும். ஆகவே கட்டியை எடுத்தபின் சுற்றியுள்ள எலும்பையும் டிரில்லால் லேசாகச் செதுக்குவோம். கட்டி பெரிதாகி நரம்பை ஒட்டியிருந்தால் நான் அவசரப்பட மாட்டேன். சின்ன ஜன்னல் திறந்து குழாய் வைப்பேன். வீட்டில் தினமும் ஊசியில்லாத சிரிஞ்சால் சலைன் பீய்ச்சிக் கழுவணும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் மாதக்கணக்கில் எலும்பு வளரும், கட்டி சுருங்கும், சுவரும் தடிக்கும். பிறகு முழுசாக உரிக்கலாம். பத்து வருஷம் கழித்தும் திரும்பி வரக்கூடிய கட்டி இது. வலி இல்லை என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாத்திரையில் கரையுமா?

பதில்: கரையாது.

கேள்வி (பல் மருத்துவர்): உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கெரட்டோசிஸ்டை ட்யூமர் (தானே பெருகி வளரும் கட்டி) என்றதே. தாடையை வெட்டி எடுப்பதுதானே சரி?

பதில்: அதே நிறுவனம் 2017-இல் சிஸ்ட் (பைக்கட்டி) என்றே திருப்பி எழுதியது டாக்டர். பெயரைப் பார்த்துக் கத்தியை எடுக்கலாமா?

கேள்வி (அவரே): ட்யூமர் என்பதற்குச் சான்றாக இதில் பிடிசிஎச்1 என்ற மரபணுவில் பிழை இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. வேறு சில சிஸ்ட்களிலும் அது தென்பட்டிருக்கிறது. குழாய் வைத்ததும் சுருங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பலமுறை திரும்பி, எலும்பைத் தாண்டிச் சதைக்குள் புகுந்தால் நானும் வெட்டுவேன். முதல் தடவையே 19 வயதுப் பையனின் தாடையை வெட்டினால், அவன் மெல்லுவதும் முகமும் என்ன ஆகும்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு தாடையிலும் ஒரே சமயத்தில் கெரட்டோசிஸ்ட்.

பதில்: கோர்லின் நோயாக இருக்கலாம். தாடையில் பல கெரட்டோசிஸ்ட்களும் தோலில் புற்றும் வரக்கூடிய பரம்பரை நோய் அது. தோல் மருத்துவரிடமும் மரபணு ஆலோசனைக்கும் போங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: நாட்டு மருந்தில் கரையுமா?

பதில்: மாத்திரைக்குச் சொன்னதேதான்.

கேள்வி: ஈறு வீங்கியிருக்கிறது, சிஸ்டா?

பதில்: பக்கத்துப் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பல் பிடுங்கியபோது பை மாதிரி சதை வந்தது. டாக்டர் குப்பையில் போட்டுவிட்டார். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் சாதாரண வேர்க்கட்டியும் கெரட்டோசிஸ்டும் அமெலோபிளாஸ்டோமா என்ற தாடை ட்யூமரும் ஒன்றுபோலத் தெரியலாம். எடுத்த சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு பயாப்சிக்கு அனுப்பியே ஆகணும். இப்போதே ஓபிஜி (இரு தாடையும் முழுதாகத் தெரியும் எக்ஸ்ரே) எடுங்கள், ஆறு மாதத்தில் இன்னொன்று.

கேள்வி: பயாப்சி செய்தால் கட்டி பரவுமாமே?

பதில்: பரவாது. செய்யுங்கள்.