மக்களின் விருப்பம் சமூக அமைப்புகளை உருவாக்குகிறதா, அமைப்புகள் விருப்பத்தை உருவாக்குகின்றனவா?

இரண்டும்தான். ஆனால் அமைப்பு நம் விருப்பத்தை மாற்றுவதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1998இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைகள் காப்பகங்கள், பிள்ளையை அழைத்துப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று அறிவித்தன. தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது! ஆசிரியை காத்திருப்பாரே என்ற உறுத்தல் இருந்த இடத்தில், கூடுதல் நேரத்துக்கான கட்டணம் என்ற எண்ணம் வந்துவிட்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

எதிர்த்திசையும் உண்டு. பணியாளர்களின் உடல்நலம் பற்றிய அக்கறை, 2004இல் அயர்லாந்தில் பணியிடப் புகைத்தடைச் சட்டமானது. சட்டம் வந்தபின் புகைபிடிப்பவர்களிடையேகூட அதற்கு ஆதரவு கூடியது.