ஒற்றைக் கண்ணால் பாருங்கள்

கேள்வி: ஒரு புகைப்படத்தில் நடைபாதையில் பெரிய பள்ளம், அதன் விளிம்பில் ஒருவர் தொங்குகிறார். கேட்டால் சாக்பீஸ் ஓவியமாம். நேரில் போனாலும் அப்படியே தெரியுமா?

பதில்: தெரியாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால்தான் அது பள்ளம். நாலடி தள்ளிப் போனால் வெறும் இழுவைக் கோடுகள். இங்கிலாந்துக்காரர் ஜூலியன் பீவர் இதில் கில்லாடி. முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு, அடிக்கடி அதன் வழியே பார்த்துப் பார்த்துத்தான் வரைவார். கேமராவுக்கு எட்டத்தில் இருக்கும் பகுதி சுருங்கித் தெரியும் அல்லவா? அதை ஈடுகட்ட அங்கே உருவங்களைத் தாராளமாக நீட்டிவிடுவார். அவருடைய ஓவியங்களைத் தப்பான பக்கத்திலிருந்து எடுத்த படங்களும் கிடைக்கின்றன. எனக்கென்னவோ அவைதான் அதிகம் பிடிக்கும். வேலையின் அசுரத்தனம் அதில்தான் புரிகிறது.

இன்னொரு சங்கதி: கேமராவுக்கு ஒரே கண். நமக்கு இரண்டு. இரண்டும் சேர்ந்து ‘இது சமதரைதான்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். நேரில் பார்க்க வாய்த்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வித்தை பழையதுதான். ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைன் 1533-இலேயே ஓர் ஓவியத்தின் அடியில் மண்டையோட்டை இப்படி ஒளித்துவைத்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால்தான் அது மண்டையோடு.

கேள்வி: நிழல் விழுந்த சதுரங்கப் பலகைப் படத்தில் நிழலுக்கு வெளியே உள்ள கருங்கட்டமும் நிழலுக்குள் உள்ள வெண்கட்டமும் ஒரே நிறம் என்கிறார்களே, புளுகுதானே?

பதில்: நிஜம். 1995-இல் பார்வை ஆய்வாளர் எட்வர்ட் ஏடல்சன் உருவாக்கிய படம் அது. சந்தேகமா? ஒரு தாளில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த இரு கட்டங்கள் மட்டும் தெரியும்படி படத்தின் மேலே வையுங்கள்.