காருக்குப் பெரிய வீல் மாட்டினால் பிக்கப்பும் மைலேஜும் குறையுமா?

குறையும். ஆனால் எவ்வளவு குறையும் என்பதை ரிம் எத்தனை இன்ச் என்று வைத்துச் சொல்ல முடியாது. டயரோடு சேர்த்து மொத்த உயரம் என்ன, எடை என்ன என்று பார்க்க வேண்டும். எனக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. கடையில் 17 இன்ச் அலாய் வீலைப் பார்த்து மனசு அதிலேயே நிற்பதால்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி நின்றவன்தான்.

என் வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல். கம்பெனி டயர் 185/65 ஆர்15. அகலம் 185 மி.மீ., டயரின் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச். ரிம்மோடு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பக்கச்சுவரையும் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 622 மி.மீ. நான் மாட்டியது 215/55 ஆர்17. அது 668 மி.மீ., அதாவது ஏழரை சதவீதம் அதிகம். "ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் போடறாங்க" என்றார் கடைக்காரர்.

டயர் உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போக வேண்டும், அதனால் எல்லா கியரிலும் இன்ஜினுக்கு இழுப்பது கனமாகிவிடும். சமதளத்தில் ஒரு வாரம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பிறகு ஒருநாள் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து ஏறும்போது, உள்ளே நாலு பேர், ஏசி ஓடுகிறது, முன்னால் போன வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. முதல் கியரில் கிளட்சை விட்டேன், இன்ஜின் அணைந்தது. மறுபடியும் அணைந்தது. மூன்றாவது முறை ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து ஏற்றிவிட்டேன். "என்ன இது, ஏதோ கருகற வாசனை?" என்று மனைவி கண்ணாடியை இறக்கினாள். கிளட்ச்தான். நாலு வருஷமாக அதே ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்த வண்டி அது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வீல்களை எடை போட்டேன். எடை பார்க்கும் மெஷினில் வீலைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, என் எடையைக் கழித்தேன். பழைய வீல் டயரோடு 16 கிலோ, புதியது 21. வீலுக்கு ஐந்து கிலோ கூடுதல், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே சுழலும் எடை. டிக்கியில் 20 கிலோ அரிசி மூட்டை வைப்பதும் இதுவும் ஒன்றில்லை. இதை ஒவ்வொரு முறையும் சுற்றவும் வைக்க வேண்டும், நிறுத்தவும் வேண்டும், பள்ளத்தில் விழுந்தால் ஷாக் அப்சார்பர் அடக்கவும் வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பதாகத் தோன்றியது பிரமை இல்லை.

மைலேஜில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எனக்கு லிட்டருக்கு 17 கி.மீ. கிடைத்துக்கொண்டிருந்தது 14.5 ஆனது. ஆனால் பெரிய டயரில் ஓடோமீட்டர் நிஜ தூரத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஏழரை சதவீதம் கூட்டினால் உண்மையில் 15.6. ஸ்பீடோமீட்டரும் அப்படியே. முன்பு அது 80 காட்டினால் போனில் ஜிபிஎஸ் 77 காட்டும், பெரிய டயரில் 83 காட்டியது. அபராதச் சீட்டு வந்தால் இந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய வீல் போட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மெக்கானிக் இல்லை, என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சரியாகத் தேர்ந்தெடுத்தால் வளைவில் வண்டி கெட்டியாக நிற்கும், ஸ்டியரிங் சொன்னதைக் கேட்கும், அதை நான் மறுக்கவில்லை. 17 இன்ச்தான் வேண்டும் என்றால் என் வண்டிக்கு 205/45 போட்டிருக்க வேண்டும், உயரம் 616 வந்திருக்கும். பக்கச்சுவர் மெலிதாகிவிடும், பள்ளத்தில் ரிம் வளையும் அபாயம் கூடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். என் டயரோ ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசி, உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதே கடையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஹெட்லைட் பல்பும் மாட்டித் தருகிறார்கள். எதிரே வருகிறவனுக்கு இரண்டு விநாடி சாலையே தெரியாது. பெரிய வீலால் பெரும்பாலும் உங்களுக்குத்தான் நஷ்டம், அந்த பல்பால் அடுத்தவன் உயிரே போகலாம். தயவுசெய்து மாட்டாதீர்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் கம்பெனி ஒட்டிய டயர் அளவு ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணையும் கடைக்காரர் சொன்ன எண்ணையும் கீழே எழுதுங்கள், உயரக் கணக்கு போட்டுத் தருகிறேன்.