எட்டு வார வகுப்பும் ஐந்து சீலமும்: மேற்கில் பௌத்தம், கேள்வி பதில்

கேள்வி: ஆபீஸில் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு தொடங்குகிறார்கள். இது பௌத்தமா, மருத்துவமா?

பௌத்தத்தில் வேர், ஆஸ்பத்திரியில் வளர்ப்பு. ஜென், விபாசனா என்ற இரண்டு பௌத்தத் தியான மரபுகளைப் பயின்ற ஜான் கபாட்-ஸின், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காக 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். வீட்டில் தினம் 45 நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள். ஆறாம் வாரத்தை ஒட்டி ஒரு பகல் முழுக்க மௌனம். படுத்தபடி உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது, உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, எளிய ஹட யோகம் மூன்றும் உண்டு. உங்கள் ஆபீஸில் மதிய இடைவேளையில் அரை மணி நேரம் என்றால் பெயர் மட்டும்தான் அது. முழு வகுப்பின் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

புத்தர் பயிற்சியை மூன்றாக வைத்தார்: சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞை (மெய்யறிவு). மேற்கு நாடுகள் நடுவிலிருந்ததை மட்டும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. கீழே வரும் சிக்கல்களில் பாதி அதிலிருந்து முளைத்தவை.

கேள்வி: பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். தியானம் பழகினால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பதற்றக் கோளாறு உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மேலே சொன்ன எட்டு வாரப் பயிற்சி, மற்றவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார், தினம் 45 நிமிட வீட்டுப்பாடம் இருந்தது. போனில் ஆப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்வதற்கு அந்த முடிவு பொருந்தாது.

மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அமைத்த தனிப் பயிற்சி உண்டு. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு, மறுபடி வராமல் தடுக்க, இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2004இலேயே அதைப் பரிந்துரைத்தது. அது தேறிய பிறகு செய்வது. எழுந்திருக்கவே முடியாத நாட்களில் கண்ணை மூடி உட்கார்ந்தால், அதே கசப்பான எண்ணத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

கேள்வி: பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகுகிறது, கால் மரத்துப்போகிறது. எங்கே தவறு?

இரண்டும் தனித்தனித் தவறு. நெஞ்சு இறுகினால் மூச்சைக் கவனிக்காமல் அதை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். நாசித் துளையை விட்டுவிட்டு, கவனத்தை அடிவயிற்றின் ஏற்ற இறக்கத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்: ஒன்று முதல் பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. எண் தவறினால் நொந்துகொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சு குட்டையாக இருந்தால் குட்டை என்று அறிந்தால் போதும், நீட்ட வேண்டாம். புத்தர் சொன்னதும் அவ்வளவுதான்.

கால் மரப்பதற்குக் காரணம் இடுப்பு தாழ்ந்திருப்பது. முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். ஒரு சாண் உயரத்துக்குக் கெட்டியான மெத்தையோ மடித்த போர்வையோ வைத்து, அதன் முன் பாதியில் மட்டும் உட்காருங்கள். நாற்காலியிலேயே வேலை பார்த்துப் பழகிய இடுப்பு பத்மாசனத்துக்கு வளையாது. நாற்காலியிலேயே உட்காரலாம், முதுகைச் சாய்க்காமல்.

கேள்வி: வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன்.

புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே இந்தத் தொல்லை இருந்தது. புத்தர் அவருக்குப் படிப்படியாகச் சொன்ன வழி அங்குத்தர நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில் இருக்கிறது. பிடித்திருக்கும் எண்ணத்தை மாற்று, படித்ததை மனதில் ஓட்டு, வாய்விட்டு ஓது, காது மடலை இழுத்துக் கைகால்களைத் தேய், எழுந்து கண்ணில் தண்ணீர் விட்டு விண்மீன்களைப் பார், வெளிச்சத்தை நினை, நட. எதுவும் சரிப்படாவிட்டால் வலப்பக்கமாகப் படுத்து, எழும் நேரத்தை மனதில் வைத்துத் தூங்கு. கடைசிப் படியைக் கவனியுங்கள். தூக்கம் போதாத உடம்புக்குத் தேவை தூக்கம்தான். உட்காரும் நேரத்தைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: பத்து நாள் விபாசனா முகாமுக்கு நேரடியாகப் போகலாமா?

கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய முறையில் நடக்கும் முகாமைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வட அமெரிக்காவில் அதன் முதல் நிலையம் 1982இல் மாசசூசெட்ஸின் ஷெல்பர்னில் அமைந்தது. விடிகாலை 4 மணிக்கு எழுப்புவார்கள். நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் அமர்வு. முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும். நான்காம் நாள் விபாசனா தொடங்கும். அதிலிருந்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வு தினம் மூன்று. மற்றவர்களோடு பத்தாம் நாள்தான் பேசலாம். கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள்.

முதலில் மூன்று மாதம் தினம் அரை மணி நேரம் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். முன்பு மனநோய் இருந்திருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். தீவிரத் தியானத்தில் தூக்கமின்மை, திகில், உலகமே நிஜமில்லாததுபோன்ற உணர்வு வருவதை பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு இரவு தூக்கம் வராவிட்டால் வீரம் காட்ட வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லுங்கள். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போவதும் தவறு. இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இதற்காகப் பௌத்தராக மாற வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஐந்து சீலத்தை மட்டும் விடாதீர்கள்: கொல்லாமை, களவாடாமை, தவறான காமம் இல்லாமை, பொய்யாமை, போதை இல்லாமை. பகலில் பொய் சொன்ன மனம் இரவில் உட்கார்ந்ததும் அந்தப் பொய்யைத்தான் அசைபோடும். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

கேள்வி: வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு கடன் இரண்டும் கழுத்தைப் பிடிக்கின்றன. துறவியின் போதனை எனக்கு எதற்கு?

துறவிக்கு மட்டும் புத்தர் பேசவில்லை. கடனில்லாமல் இருப்பதை இல்லறத்தாரின் நான்கு இன்பங்களில் ஒன்றாகவே சொல்கிறார். தீக நிகாயம் என்ற இன்னொரு உரைத் தொகுப்பில் சிகாலன் என்ற இளைஞனுக்கு, வருமானத்தை நாலாகப் பிரி, ஒரு பங்கை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, நாலாவதை ஆபத்துக்காக வை என்கிறார். சம்பளக்காரருக்குத் தொழில் பங்கு அப்படியே பொருந்தாது. அந்த நாலாவது பங்கு பொருந்தும்: முழுதாக முடியாவிட்டால் பத்தில் ஒன்றிலாவது தொடங்குங்கள். கார்டு கடன் இருக்கும்வரை முதலில் அதிக வட்டி உள்ள கடனுக்கே அந்தப் பங்கு போகட்டும்.

இன்னோரிடத்தில், வரவுக்கு மீறிச் செலவழிப்பவனை அத்திமரத்தை உலுக்கிப் பழம் தின்பவனோடு ஒப்பிடுகிறார். தின்பது கொஞ்சம், கொட்டிப்போவது மிச்சம். இரவு 11 மணிக்குப் போனில் பொருள் வாங்கும் கை அந்த உலுக்கலைத்தான் செய்கிறது. கூடையில் போட்டுவிட்டு 24 மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் ‘வேண்டும்’ என்ற உணர்வு உடம்பில் எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.