முப்பது நிமிடத் தூக்கம்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. பகலில் தோளில் போட்டுத் தட்டினால்தான் தூங்குகிறாள். கீழே கிடத்தியதும் முழித்துக்கொள்கிறாள். தப்பித்தவறித் தூங்கினாலும் முப்பதே நிமிடம். இரவில் மூன்று முறையாவது பாலுக்கு எழுகிறாள். போனில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன்: ஒன்பதரைக்கு முதல் தூக்கம், பன்னிரண்டரைக்கு இரண்டாவது என்று. ஒரு நாள்கூட அதன்படி நடந்ததில்லை. 'இரண்டு நாள் அழவிடு, பழகிவிடும்' என்கிறாள் தோழி. 'தோளில் போட்டே கெடுத்துவிட்டாய்' என்கிறார் மாமியார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பெயர் வேண்டாத ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த முப்பது நிமிடத்தை முதலில் பேசிவிடுவோம். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்த வயதில் தூக்கத்தின் ஒரு சுற்று அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஐம்பது நிமிடம். அதன் கடைசியில் தூக்கம் லேசாகிறது. நமக்கும் இரவில் பல தடவை அப்படி ஆகிறது. புரண்டு படுக்கிறோம், காலையில் ஞாபகம்கூட இருப்பதில்லை. ஒரு சுற்றை அடுத்ததோடு கோக்க உங்கள் மகளுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பகல் தூக்கம் நீள்வது பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோதான்.

இரவும் அப்படித்தான். கனடாவில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் பேர் அப்படியே. அதனால் அவர்களின் வளர்ச்சியில் குறை எதுவும் தென்படவில்லை. 'என் பிள்ளை மூன்று மாதத்திலேயே விடிய விடியத் தூங்கியது' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். நானும் இந்தக் கூத்தை ஆடியவள்தான். மூத்தவனுக்கு ஒரு நோட்டுப் போட்டு, தூங்கிய நேரம், எழுந்த நேரம், பால் குடித்த நேரம் எல்லாம் எழுதினேன். பாதிப் பக்கங்களில் பால் சிந்திய கறை. மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது: காலையில் அவன் எழும் நேரத்தில் ஒன்றரை மணி நேர வித்தியாசம் இருந்தது. ஆறுக்கு எழுந்த பிள்ளையும் ஏழரைக்கு எழுந்த பிள்ளையும் ஒன்பதரைக்கே தூங்க வேண்டுமென்றால் எப்படி நடக்கும்?

ஆகவே ஒரே ஒரு நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: காலை. அரை மணி முன்னே பின்னே இருக்கலாம். எழுந்ததும் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில்தான் உடம்புக்குள் இரவு பகல் பிரிய ஆரம்பிக்கிறது, அதற்கு வெளிச்சம்தான் பெரிய துணை. இரவுப் பாலுக்கு நேர்மாறு: மங்கல் விளக்கு, பேச்சில்லை, விளையாட்டில்லை.

அதற்குப் பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். ஐந்து மாதக் குழந்தை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விழித்திருக்கும், சாயங்காலம் கொஞ்சம் கூடலாம். அந்த நேரம் நெருங்கும்போது பொம்மையைக் காட்டினாலும் பார்வை எங்கோ சுவரில் நிற்கும். புருவம் லேசாகச் சிவக்கும். சிலது காதைப் பிடித்து இழுக்கும். அப்போதே படுக்கவைக்க வேண்டும். அழ ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை நன்றாகத் தூங்கும் என்று நினைக்கிறோம். தூங்காது, முறுக்கிக்கொண்டு அழும்.

இரவுக்கு மட்டும் ஒரு வரிசை வையுங்கள். உடம்பு துடைப்பது, உடை மாற்றுவது, பால், ஒரு பாட்டு, விளக்கணைப்பு. அரை மணிக்கு மேல் வேண்டாம். குழந்தைகளும் தாய்மாருமாக 405 ஜோடிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. இப்படித் தினமும் ஒரே வரிசையைக் கடைப்பிடித்த வீடுகளில் இரண்டே வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கின, இரவில் முழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலைகூடத் தேறியதாம். பாட்டு நன்றாக வர வேண்டும் என்றில்லை. எனக்கு ஒரு பாட்டில் இரண்டு வரிதான் தெரியும், அதையே ஒன்றரை வருடம் பாடினேன்.

கிடத்தியதும் முழிப்பதைத் தவிர்க்க ஓர் உத்தி இருக்கிறது. முதுகைச் சட்டென்று இறக்கினால் விழுவதுபோலத் தோன்றிக் கை இரண்டையும் விரித்துத் திடுக்கிடும். அதனால் முதலில் பாதம், அப்புறம் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை. உங்கள் உடம்பையும் கூடவே குனிந்து ஒட்டியபடி கொண்டுபோங்கள். கிடத்திய பிறகு உள்ளங்கையை அவள் நெஞ்சில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பத்து தடவையில் நாலு தடவை பலிக்கும். நாளின் முதல் தூக்கத்தில் முயன்று பாருங்கள், அதுதான் பெரும்பாலும் சுலபமாக வரும். மற்றவை தோளிலேயே நடக்கட்டும்.

தோளில் போட்டால் கெட்டுப்போகாது. மாமியாரிடம் வாதாட வேண்டாம், பிள்ளையைக் கொஞ்ச நேரம் அவர் தோளில் கொடுத்துவிட்டு நீங்கள் படுங்கள். தோழி சொல்வதைப் பற்றி: அழும்போது கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டிப் போய்த் தேற்றி, தானே தூங்கப் பழக்கும் முறைகளைக் கையாண்ட குடும்பங்களை ஆஸ்திரேலியாவில் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கெடுதலும் இல்லை, நீடித்த லாபமும் இல்லை என்று 2012இல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் ஏழு மாதத்தைத் தாண்டியவர்கள். ஐந்து மாதப் பிள்ளையிடம், அதுவும் உங்களுக்கே மனம் ஒப்பாதபோது, அவசரம் எதற்கு?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பகலோ இரவோ மல்லாக்கக் கிடத்துங்கள். மெத்தை தட்டையாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்கட்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். 1990களில் பல நாடுகள் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. புரள ஆரம்பித்திருந்தால் துணியில் சுற்றிக் கிடத்துவதையும் நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சோபாவில் நீங்கள் கண்ணயரக் கூடாது. கண் சொருகுகிறது என்றால் அவள் முழித்தாலும் பரவாயில்லை, படுக்கையில் கிடத்திவிடுங்கள்.

எடை ஏறவில்லை, குறட்டை விடுகிறாள், மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் இந்தக் கடிதத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள். நோட்டெல்லாம் வேண்டாம், காலையில் எழுந்த நேரத்தை மட்டும் குறித்து அனுப்புங்கள், போதும்.

அன்புடன்,
அக்கா