தொப்பி வைத்த வினைச்சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்யாணமாகி கோவையிலிருந்து லியோனுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. பிரெஞ்சில் பி1 முடித்து இப்போது பி2 வகுப்புக்குப் போகிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய புத்தகங்களை வைக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றை எடுத்துவந்து அகராதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், அதாவது விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினையின் இறந்தகால வடிவம் வருகிறது. வகுப்பில் கேட்டால் ஆசிரியை சிரிக்கிறார், அது செத்துப்போய்விட்டது, விட்டுவிடுங்கள் என்கிறார். எனக்கு விட மனசில்லை. அட்டவணைப் புத்தகம் ஒன்றை வாங்கி தினமும் பத்து வினை மனப்பாடம் செய்கிறேன். பர்லாஸ், பர்லாஸ், பர்லா, பர்லாஸியோன் என்று நான் ஓதுவதைக் கேட்டு என் கணவர் யாருக்குச் செய்வினை வைக்கிறாய் என்கிறார். நீங்கள் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர். இதைப் படிக்கத்தான் வேண்டுமா? செத்துப்போனதை ஏன் இன்னும் எல்லா இலக்கணப் புத்தகத்திலும் அச்சடிக்கிறார்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

மனப்பாடத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். நாவலை நிறுத்தாதீர்கள். உங்கள் ஆசிரியை சொன்னது வாய்க்குப் பொருந்தும், கண்ணுக்குப் பொருந்தாது.

வாய்க்கு ஏன் பொருந்தும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புதுச்சேரியில் எனக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார் 1954க்கு முன்னால், அங்கே பிரெஞ்சு ஆட்சி இருந்தபோதே பள்ளிப் படிப்பை முடித்தவர். வினைகளை ஆறு இடத்துக்கும் ஒப்பிக்காமல் எவனையும் வீட்டுக்கு விடமாட்டார். அந்தத் தெம்போடு நான் பிரான்சுக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். நீங்கள் எனக்கு நேரம் ஒதுக்கித் தரவேண்டும் என்பதற்கு 'அகோர்தாஸியே' என்று எழுதிவிட்டேன். இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. கவுண்டரில் இருந்த அம்மாள் அதைப் படித்தார், நிறுத்தினார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அந்தச் சொல்லை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினார், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்று "எமக்கு இரண்டு கிலோ சர்க்கரை ஈந்தருள்க" என்றால் நாம் எப்படிச் சிரிப்போமோ அப்படி. நேரம் கொடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். 'அகோர்தியே' என்று நிகழ்கால சப்ஜங்டிவில் எழுதியிருந்தால் போதும், சிரிப்பு மிச்சமாகியிருக்கும்.

பழைய விதி என்னவென்றால், முதன்மை வினை இறந்தகாலத்துக்குப் போனால் அதைத் தொங்கிக்கொண்டிருக்கும் சப்ஜங்டிவும் கூடவே போகவேண்டும். "அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்", "அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்" – தமிழில் 'வரவேண்டும்' அசையாமல் இருக்கிறது பாருங்கள். பழைய பிரெஞ்சில் முதல் வாக்கியத்தில் 'வியென்', இரண்டாவதில் 'வேன்'. இன்றைய பிரெஞ்சு இரண்டுக்கும் 'வியென்'தான் போடுகிறது, அதாவது நம்மைப் போலவே ஆகிவிட்டது. அரசாங்கமும் இதற்கு எப்போதோ தலையாட்டிவிட்டது. 1901இல் கல்வி அமைச்சின் ஆணை ஒன்று, முதன்மை வினை கண்டிஷனலில், அதாவது நிபந்தனையைச் சார்ந்த வடிவத்தில் இருந்தால் நிகழ்கால வடிவத்தைப் பிழையாகக் கருதவேண்டாம் என்றது, 1976இல் வந்த இன்னொன்று அதே சலுகையை இறந்தகாலத்துக்கும் நீட்டியது.

ஏன் செத்தது? எனக்குப் பட்ட காரணம், அது நின்ற மரத்தையே வெட்டிவிட்டார்கள். இந்த வடிவம் முழுக்க பஸே செம்ப்ல் மேல், அதாவது நாவல்களில் கதை சொல்ல வரும் இறந்தகாலத்தின் மேல் கட்டப்பட்டது. பேச்சிலிருந்து பஸே செம்ப்ல் போனதும் இதற்கு ஊன்றிக்கொள்ள இடமில்லை. அப்புறம் அந்த ஓசை. பிரெஞ்சில் 'ஆஸ்' என்று முடியும் பல சொற்களில் ஓர் இளக்காரம் இருக்கும். 'லவாஸ்' என்றால் கழனித் தண்ணி மாதிரி காபி, 'வினாஸ்' என்றால் மட்டமான வைன், 'பபெராஸ்' என்றால் உங்களை அலைக்கழிக்கும் வெட்டிக் காகிதக் கட்டு. அந்த வாலை ஒட்டிக்கொண்டு 'நாம் பேசவேண்டும்' என்பது 'பர்லாஸியோன்' என்று வந்து நின்றால் எப்படி இருக்கும்? 'கொலை செய்' என்ற வினையில் நீங்கள் என்ற இடத்துக்கு 'அஸஸினாஸியே' வரும். கொலைகாரனுக்கே சிரிப்பு வந்துவிடும். 'தெரிந்துகொள்' என்ற வினையின் வடிவத்தைக் கேட்டால் பள்ளிப் பையன்கள் ஏன் நெளிவார்கள் என்பதை நான் இங்கே எழுதமாட்டேன், உங்கள் ஆசிரியையிடமும் கேட்காதீர்கள்.

இதில் வேடிக்கை, லத்தீனிலிருந்து இதே வடிவத்தைச் சொத்தாக வாங்கிய அண்ணன் தம்பிகள் அதை இன்னும் தினமும் புழங்குகிறார்கள். இத்தாலியில் ஒரு சின்னப் பிள்ளை 'நான் பெரியவனாக இருந்தால்' என்று சொல்ல 'ஃபோஸ்ஸி' என்கிறது, ஸ்பெயினில் 'ஆப்ளாஸே' உண்டு. பிரெஞ்சில் மட்டும்தான் அது பரணுக்குப் போனது. பரணிலிருந்து அதை இறக்கிப் பேச்சில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அது எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்றுதான் மாட்டுகிறார்கள். மறைந்த பிரெஞ்சு அரசியல்வாதி ழான்-மரி லெ பென் மேடையில் இதைக் கையாள்வதற்குப் பேர்போனவராக இருந்தார்.

சரி, இனி கண்ணுக்கு.

ஆறு வடிவத்தில் ஐந்தை மறந்துவிடுங்கள். நாவலில் உங்கள் எதிரே வருவது பெரும்பாலும் படர்க்கை ஒருமைதான், அவன், அவள், அது. அதற்கு அட்டவணையே வேண்டாம். பஸே செம்ப்ல் படர்க்கை ஒருமை உங்களுக்குத் தெரியும், நாவல் முழுக்க அதுதானே. அதன் கடைசி உயிரெழுத்துக்கு மேல் ஒரு தொப்பி, அதாவது '^' குறி வையுங்கள், முடிந்தது. 'பர்லா' மாதிரி ஆவில் முடிந்தால் கடைசியில் ஓர் ஊமை 'த்' சேரும், மற்றவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். நான்கே குடும்பம்: ஆ வருபவை, 'ஃபினி' மாதிரி ஈ வருபவை, 'வூலு' மாதிரி ஊ வருபவை, கடைசியாக 'வேன்', 'தேன்' என்று 'வா', 'பிடி' என்ற இரண்டு வினைகளும் அவற்றின் கிளைகளும். தொப்பியை நான் தமிழில் எழுதிக் காட்ட முடியாது. காதிலும் விழாது. 'ஃப்யூ' என்றால் 'இருந்தான்', தொப்பி வைத்த 'ஃப்யூ'வும் 'ஃப்யூ'தான். ஊமை எழுத்தோடு ஓர் ஊமைத் தொப்பி.

அந்தத் தொப்பி அலங்காரம் இல்லை, ஓர் எழுத்தின் சமாதி. லத்தீனில் 'கான்டாஸெட்' என்று இருந்தது, பழைய பிரெஞ்சில் 'ஷான்தாஸ்ட்' ஆனது, பிறகு 'ஸ்' உதிர்ந்து அதற்கு முன்னால் இருந்த உயிரெழுத்தின் மேல் தொப்பியை வைத்தார்கள். உங்கள் தெருமுனை 'ஓப்பித்தால்' போர்டிலும் ஒரு தொப்பி இருக்கும், பாருங்கள். அங்கே தொலைந்துபோன 'ஸ்' நம் ஆஸ்பத்திரியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. 1990 எழுத்துச் சீர்திருத்தம் பல இடங்களில் ஈக்கும் ஊக்கும் மேல் இருந்த தொப்பியை விட்டுவிடலாம் என்றது, ஆனால் இந்த வினை வடிவத்தில் கைவைக்கவில்லை. காரணம் எளிது, இங்கே தொப்பியை எடுத்தால் பொருள் மாறிவிடும்.

எப்படி மாறும்? 'இல் யூ வீத் ஃபினி' என்று உங்கள் நாவலில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'யூ' தொப்பி இல்லாமல் இருந்தால், அவன் சட்டென்று முடித்துவிட்டான். தொப்பி இருந்தால், சட்டென்று முடித்திருப்பான், ஆனால் முடிக்கவில்லை. ஒருவன் கடனைக் கட்டினானா கட்டவில்லையா என்பது ஒரு கொசு உட்காரும் அளவு மையில் இருக்கிறது. இன்னொன்று, 'போன பிறகு', 'போவதற்கு முன்'. பிறகு என்றால் நடந்துவிட்டது, அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லும் இண்டிகேடிவ், வெறுந்தலை 'ஃப்யூ'. முன் என்றால் இன்னும் நடக்கவில்லை, சப்ஜங்டிவ், தொப்பி. இதில் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுவார்கள், 'பிறகு'க்கும் தொப்பி வைத்த வாக்கியங்கள் பத்திரிகைகளில் வரும். நானும் ஒருமுறை மெய்ப்பு பார்க்கும்போது ஆசிரியர் சரியாக எழுதியிருந்த வெறுந்தலைக்குத் தொப்பி மாட்டி அனுப்பிவிட்டு, புத்தகம் அச்சாகி வந்த பிறகு தலையில் கைவைத்துக்கொண்டேன். என் தலையில்.

மொழிபெயர்ப்பு பற்றியும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இந்த வடிவத்தைத் தமிழாக்குவது போல எளிதான வேலை இல்லை, ஏனென்றால் நம் எச்சங்கள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. அவன் வருவதற்கு முன், யாரும் பார்த்துவிடாதபடி, பணக்காரனாக இருந்தும், அவள் போகும்வரை – பிரெஞ்சில் இவை எல்லாவற்றுக்கும் தொப்பி வேண்டும், தமிழில் காலமும் வேண்டாம் இடமும் வேண்டாம். வாக்கியத்தின் தலையிலேயே தொப்பியோடு வரும் 'ஃப்யூ-தில் ருவா' போன்றவைக்கு நம் 'ஏ ஆனாலும்' அளவெடுத்துத் தைத்த மாதிரி: அரசனே ஆனாலும். ஆரம்பத்தில் நான் இந்த இடங்களுக்கெல்லாம் பழந்தமிழ் வாடை கொடுக்கப் பார்த்தேன், 'வந்தனனாயினும்' என்றெல்லாம். அது தப்பு. 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் பழமைக்காக இதை எழுதவில்லை, அவருக்கு அது எழுத்து நடையின் சாதாரண விதி. இன்றைய வாசகருக்குத்தான் அதில் பழைய வாடை அடிக்கிறது.

ஆக, செத்துப்போனதை ஏன் அச்சடிக்கிறார்கள் என்றால், எழுத்தில் அது முழுசாகச் சாகவில்லை. 'யூ', 'ஃப்யூ', 'ப்யூ', 'த்யூ', 'வேன்' எல்லாம் தொப்பியோடு இன்றைய நாவலிலும் வரும். ஆறு கட்டங்களில் ஒன்று மட்டும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அட்டவணை போடுகிறவர்கள் ஒரு கட்டத்தை மட்டும் அச்சடிக்க முடியாதே. நாமும் 'என்மனார்' என்பதைப் படித்தால் புரிந்துகொள்கிறோம், யாரும் அதை வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. உங்கள் பி2 தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள், அந்தக் கவலை வேண்டாம்.

இன்றைக்கு ஒரு பென்சில் எடுத்து, நாவலில் ஏதாவது பத்துப் பக்கத்தில் வினைக் கடைசியில் வரும் தொப்பிகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'க' இருக்கிறதா என்று பாருங்கள், 'ஆவான் க' (முன்), 'பியான் க' (இருந்தும்) மாதிரி. இருந்தால் நான் மேலே சொன்ன வகை. இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்த 'முடித்திருப்பான், ஆனால் முடிக்கவில்லை' வகை. எது எத்தனை என்று எனக்கு எழுதுங்கள், எனக்கும் அறிய ஆசை.

ஒன்று விட்டுப்போனது. கடையில் பாஸ்தா அடுக்கில் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட 'லுஸ்துக்ரு' பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைப் பாட்டு ஒன்றிலும் அதே பெயரில் ஒரு கிழவர் வருவார். அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்: 'லுஸ் த்யூ க்ரூ'. நீ அதை நம்பியிருப்பாயா? முன்னிலை ஒருமை, நான் மறந்துவிடச் சொன்ன ஐந்தில் ஒன்று. உங்கள் கணவர் அடுத்த முறை செய்வினை என்று சொன்னால் அந்த பாக்கெட்டைக் காட்டுங்கள்.